‘எத்தனை?’ என்று கேட்ட ஃபோர்மேன்

வணக்கம். அடுப்படியில் கண்ணாடி டம்ளர் விழுந்து உடைகிற சத்தம் கேட்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கூடத்தில் இருக்கிற பெரியவர் வாயில் முதலில் என்ன வரும்? சில வீடுகளில் “யாரு அது?” என்று வரும். சில வீடுகளில் “அப்படியே நில்லு, கால்ல குத்திடப் போவுது” என்று வரும். அடுத்த முறை ஏதாவது உடைந்தால் இந்த இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் என்ன செய்வார்கள் என்று உங்களுக்கே தெரியும். முதல் வீட்டில் கண்ணாடித் துண்டுகள் பீரோவுக்கு அடியில் போய்விடும்.

தலைமைப் பண்பு பற்றி வானொலியில் பேச அழைத்திருக்கிறார்கள். நான் 34 வருஷம் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத்துகளுக்கு, அதாவது இரும்பைக் கடைகிற இயந்திரங்களுக்கு, நடுவே இருந்தவன். அதில் கடைசிப் பதினைந்து வருஷம் எனக்குக் கீழே ஆட்கள் வேலை பார்த்தார்கள். ஒருவர் நல்ல தலைவரா என்று தெரிந்துகொள்ள அவர் பேச்சைக் கேட்க வேண்டியதில்லை. கெட்ட செய்தி எவ்வளவு சீக்கிரம் அவரிடம் போய்ச் சேருகிறது என்று பார்த்தால் போதும். இது எனக்கு ஒரே காலைப்பொழுதில் புரிந்தது.

அப்போது எனக்கு 19 வயது. ஐடிஐ முடித்து அப்ரண்டிஸாகச் சேர்ந்திருந்தேன். மூன்றாவது ஷிஃப்ட், விடியற்காலை நான்கு மணி, கண் சொக்குகிற நேரம். புஷ் என்று ஒரு உருப்படி கடைந்துகொண்டிருந்தேன். குட்டி வளையல் மாதிரி, கனமாக இருக்கும், அவ்வளவுதான். துளையின் அளவு சரியா என்று பார்க்க எஃகில் ஒரு கேஜ் உண்டு, பேனா மாதிரி இரண்டு முனை. கோ என்கிற முனை துளைக்குள் போக வேண்டும். நோ-கோ என்கிற முனை போகவே கூடாது. பத்துக்கு ஒன்று கேஜ் போட்டுப் பார்க்க வேண்டும் என்பது விதி. நான் தூக்கக் கலக்கத்தில் வெகுநேரம் பார்க்காமல் விட்டுவிட்டேன். ஞாபகம் வந்து பார்த்தால், நோ-கோ முனை வழுக்கிக்கொண்டு உள்ளே போய் உட்காருகிறது. துளை சின்னதாக இருந்தால் மறுபடி கடைந்து சரிசெய்யலாம். பெரிதாகிவிட்டால் அது பழைய இரும்புதான்.

பயந்துவிட்டேன். கடைசியாகக் கடைந்த 32 உருப்படிகளைப் பொறுக்கி, சுருள் சுருளாக இரும்புச் சீவல் கிடக்கிற டிரம்முக்குள் கையை விட்டு அடியில் புதைத்தேன்.

ஆறு மணிக்கு ஃபோர்மேன் வந்தார். முழங்கை வரை என் கையில் கீறல், அங்கங்கே ரத்தம். சீவல் கிழித்த கையை அவருக்குத் தெரியாதா? முதலில் தண்ணீர்க் குழாய்க்குக் கூட்டிக்கொண்டு போய்க் கழுவ வைத்தார். அப்புறம் கேட்டார்: “எத்தனை, தம்பி?”

அவ்வளவுதான். யார் செய்தது, ஏன் செய்தது, கண் எங்கே போச்சு, ஒன்றும் இல்லை. எத்தனை? 32 என்றேன். “கடைசியா எப்போ கேஜ் போட்டே?” அதையும் உள்ளபடி சொன்னேன். ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். ட்ரேயில் நல்லவை என்று நான் அடுக்கி வைத்திருந்த 200 உருப்படிகளையும் இரண்டு பேரும் ஒவ்வொன்றாகக் கேஜ் போட்டோம். அதில் இன்னும் 9 கெட்டது இருந்தது. அந்த ஒன்பது இருப்பதே எனக்குத் தெரியாது. அவர் வந்ததும் கத்தியிருந்தால் ‘பத்துதான் சார்’ என்று சொல்லித் தப்பித்திருப்பேன். ஒன்பதும் அன்று காலை லாரியில் ஏறியிருக்கும், ஏதோ ஒரு வண்டிக்குள் போய் உட்கார்ந்திருக்கும்.

பிறகு மேனேஜரிடம் போய், “நம்ம ஷிஃப்டுல 41 போச்சு சார், டூல் பிடிக்கிற ஸ்க்ரூ தளர்ந்திருக்கு” என்றார். தூங்கி வழிந்ததற்கு எனக்குத் தண்டனையும் உண்டு. ஒரு மாதம் ஐந்துக்கு ஒன்று கேஜ் போட வேண்டும் என்றார். தப்பைச் சும்மா விடுகிறவர் இல்லை அவர். ஆனால் முதல் கேள்வி ‘எத்தனை?’

பின்னாளில் வேறொரு இடத்தில் ஒரு மேலதிகாரியைப் பார்த்தேன். அவருடைய முதல் கேள்வி எப்போதும் ‘யார்?’ அவர் காலத்தில், கெட்டது என்று கழித்த உருப்படிகளின் கணக்கு எழுதுகிற ரிஜெக்‌ஷன் போர்டில் எண்கள் அழகாக இறங்கின. கெட்ட உருப்படிகள் ராத்திரியோடு ராத்திரியாகக் கழிவு லாரியில் போய்க்கொண்டிருந்தன. எங்கள் எல்லோருக்கும் தெரியும், அவர் ஒருவருக்குத்தான் தெரியாது.

ஸ்ரீஹரிகோட்டா கதையை நீங்கள் கேட்டிருப்பீர்கள், கலாம் மேடைக்கு மேடை சொன்னதுதான். 1979 ஆகஸ்ட் 10, எஸ்.எல்.வி-3 ராக்கெட் வங்காள விரிகுடாவில் விழுந்தது. திட்ட இயக்குநர் கலாம். ஆனால் பத்திரிகைக்காரர்கள் முன்னால் போய் உட்கார்ந்து பொறுப்பேற்றவர் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான். 1980 ஜூலை 18-ல் ராக்கெட் ஜெயித்தபோது, ‘நீங்கள் போய்ப் பேசுங்கள்’ என்று கலாமை அனுப்பினார். பெருந்தன்மைக்கு உதாரணமாக இதைச் சொல்வார்கள். சரிதான். எனக்கு அதில் இன்னொன்று தெரிகிறது. தோற்ற மறுநாள் வேலைக்கு வந்த பொறியாளர்களை நினைத்துப் பாருங்கள். இரண்டாம் கட்டத்தில் ஒரு வால்வு சரியாக மூடாமல் அமிலம் கசிந்தது என்பதைப் பயமில்லாமல் தோண்டி எடுக்க அவர்களால் முடிந்தது. தலைவர் அடியைத் தன் முதுகில் வாங்கிக்கொண்டதால் அவர்கள் எதையும் டிரம்முக்குள் புதைக்க வேண்டியிருக்கவில்லை.

காமராசரும் 1954-ல் முதலமைச்சரானபோது, சட்டமன்றக் கட்சித் தலைவர் தேர்தலில் தன்னை எதிர்த்து நின்ற சி. சுப்பிரமணியத்தையும், அவரை முன்மொழிந்த பக்தவத்சலத்தையும் அமைச்சரவையில் சேர்த்துக்கொண்டார். ‘இது சரியில்லை’ என்று முகத்துக்கு நேரே சொல்லக்கூடியவர்களை அறைக்குள்ளேயே வைத்துக்கொள்வது சின்ன விஷயமில்லை. இதைப் பற்றி நிறையச் சொல்ல ஆசை, ஆனால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் காட்டுகிறார்கள். இரண்டு நிமிஷம்.

அடையாறு புற்றுநோய் மருத்துவமனை டாக்டர் சாந்தாவைப் பற்றி ஒரு பக்கம் எழுதி வைத்திருக்கிறேன், அதில் ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். 1955-ல் 12 படுக்கைகளோடு இருந்த இடத்தில் போய்ச் சேர்ந்தவர். இந்தியாவே அறிந்த மருத்துவமனையாக அது வளர்ந்த பிறகும் அந்த வளாகத்துக்குள்ளேயேதான் வாழ்ந்தார். வார்டில் எது நடந்தாலும் அவர் கூப்பிடு தூரத்தில் இருந்தார்.

நேரமாகிவிட்டது. கேட்டுக்கொண்டிருந்த உங்கள் எல்லோருக்கும் நன்றி. மூன்றாவது ஷிஃப்டுக்குக் கிளம்புகிறவர்கள் பத்திரமாகப் போய்வாருங்கள். வணக்கம்.