கோடையில் செம்பாறைப் பள்ளத்தாக்குகள்

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவில் பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை விட்டதும், காரில் கூடாரத்தையும் தண்ணீர்க் கேன்களையும் ஏற்றிக்கொண்டு யூட்டா, அரிசோனா மாநிலங்களின் பாலைநிலப் பள்ளத்தாக்குகளை நோக்கிக் கிளம்பும் குடும்பங்கள் ஏராளம். அந்த நிலத்தைப் பார்க்க வசந்தமும் இலையுதிர்காலமும்தான் ஏற்றவை. ஆனால் பிள்ளைகளுக்கு விடுமுறை கிடைப்பது கொளுத்தும் வெயிலில்தான். ஆகவே போகலாமா என்ற விவாதத்தை ஒதுக்கிவிட்டு, எப்படிப் போவது என்பதை மட்டும் பேசுகிறேன். பயணத் திட்டம் போடுகிறவர்கள் பெரும்பாலும் வரைபடத்தை விரித்து மைல்களைக் கூட்டுகிறார்கள். என் அனுபவத்தில், அங்கே மைல் கணக்கைவிட முக்கியமானவை இரண்டு: நாம் நிற்கும் இடம் எத்தனை அடி உயரத்தில் இருக்கிறது, அங்கே நிற்கும்போது மணி என்ன.

யூட்டாவின் சயான் தேசியப் பூங்காவில் பள்ளத்தாக்கின் தரை சுமார் 4,000 அடி உயரத்தில் உள்ளது. ஜூலையில் அங்கே பகல் வெப்பம் 38 டிகிரி செல்சியசைத் தொடுவது சாதாரணம். ஏறத்தாழ இரண்டு மணி நேரக் கார் பயணத் தொலைவிலுள்ள பிரைஸ் கேன்யனின் விளிம்போ 8,000 அடிக்கும் மேலே இருப்பதால், அதே நாளில் அங்கே வெப்பம் 27 டிகிரி அளவில்தான் இருக்கும். இரவில் கம்பளிச் சட்டை இல்லாமல் உட்கார முடியாது. இந்த வேறுபாட்டை அறிந்தவர்கள் கூடாரத்தை உயரத்தில் அடித்துக்கொண்டு, பள்ளத்தாக்குகளுக்கு விடியற்காலையில் இறங்கி வருவார்கள். பகல் முழுவதும் சூடேறிய பாறைச் சுவர்கள் இருட்டிய பிறகும் நெடுநேரம் அனலை வீசிக்கொண்டிருக்கும் என்பதால், கீழே படுத்துக் குழந்தைகளைத் தூங்கவைப்பது பெரும்பாடு.

கிராண்ட் கேன்யனில் இந்த உயரக் கணக்கு இன்னும் கடுமையானது. தெற்கு விளிம்பு சுமார் 7,000 அடியில் இருக்கிறது. அங்கே ஜூலை நண்பகல்கூட இதமாகவே தெரியும். ஏறத்தாழ ஒரு மைல் ஆழத்தில், கொலராடோ ஆற்றங்கரையில், அதே நேரத்தில் 40 டிகிரியைத் தாண்டியிருக்கும். மலையில் களைத்தவருக்கு இறக்கம் மிச்சமிருக்கும். இங்கே களைத்தவருக்கு ஏற்றம் மிச்சமிருக்கிறது. காலை 10 மணி முதல் மாலை 4 மணி வரை பள்ளத்தாக்கின் உட்பகுதியில் நடக்க வேண்டாம் என்று பூங்கா நிர்வாகம் எச்சரிப்பதும், ஒரே நாளில் ஆறுவரை இறங்கி ஏற முயலாதீர்கள் என்று வற்புறுத்துவதும் இதனால்தான். இன்னொன்று: தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே நடந்தால் இரத்தத்தில் உப்பு குறைந்து தலைச்சுற்றலும் குழப்பமும் வரும். உப்புள்ள தின்பண்டம் பையில் கட்டாயம் இருக்கட்டும். பிள்ளைகள் இந்த ஒரு விதிக்கு மறுபேச்சே பேசமாட்டார்கள்.

அடுத்து, வெள்ளம். பாலைநிலத்தில் வெள்ளமா என்று கேட்கத் தோன்றும். அந்த நிலத்தின் பெரும்பகுதி வெறும் பாறை. நீரை உறிஞ்ச மண்ணும் இல்லை, தடுத்து நிறுத்த அடர்ந்த செடிகொடிகளும் இல்லை. ஜூலை முதல் செப்டம்பர் வரை அங்கே பருவமழைக் காலம். பிற்பகலில் இடியுடன் கொட்டும் மழை அப்படியே வழிந்து ஓடைகளில் சேர்கிறது. இரு கைகளையும் விரித்தால் இருபுறச் சுவர்களையும் தொட்டுவிடக்கூடிய இடுக்குப் பள்ளத்தாக்குக்குள் அது நுழையும்போது, பரவ இடமின்றி உயரத்தான் முடியும். 1997 ஆகஸ்ட் 12 அன்று அரிசோனாவின் ஆன்டலோப் கேன்யனில் பதினொரு சுற்றுலாப் பயணிகள் வெள்ளத்தில் மாண்டார்கள். அதற்குக் காரணமான மழை பெய்தது பல மைல்களுக்கு அப்பால். 2015 செப்டம்பர் 14 அன்று சயானின் கீஹோல் கேன்யனில் ஏழு பேர் இறந்தார்கள். தலைக்கு மேலே தெரியும் கீற்று வானம் நீலமாக இருப்பதால் எந்தப் பயனும் இல்லை. ஆறு தொடங்கும் மேட்டுநிலத்தில் என்ன வானிலை என்பதே கேள்வி.

சயானின் புகழ்பெற்ற நாரோஸ் பகுதியில் வர்ஜின் ஆறுதான் நடைபாதை. முழங்கால் அளவு நீரில், உருண்டைக் கற்களின்மேல் கோலூன்றி, ஆயிரம் அடிச் சுவர்களுக்கிடையே நடக்கும் அந்த அனுபவத்துக்கு நிகராக அந்தப் பக்கத்தில் வேறொன்றை நான் கண்டதில்லை. அங்கே எங்கேனும் நின்று அண்ணாந்து பாருங்கள். ஆள் உயரத்துக்கும் மேலே பாறை இடுக்கில் மரக்கட்டைகள் சிக்கி நிற்பதைக் காணலாம். அவற்றை யாரும் அங்கே கொண்டுபோய் வைக்கவில்லை. நீர்வரத்து விநாடிக்கு 150 கன அடியைத் தாண்டினாலோ, திடீர் வெள்ள எச்சரிக்கை வந்தாலோ பாதையை மூடிவிடுவார்கள். மூடாத நாளிலும் காலையில் பார்வையாளர் மையத்தில் அன்றைய வெள்ள வாய்ப்பு என்னவென்று பார்த்துவிட்டே இறங்க வேண்டும். தெளிந்த நீர் கலங்கினாலும், சுள்ளிகள் மிதந்து வந்தாலும், வளைவுக்கு அப்பால் இரைச்சல் கேட்டாலும், படம் எடுத்துக்கொண்டு நிற்காமல் உயரமான இடத்துக்கு ஏறிவிடுங்கள்.

கூடாரம் அடிப்பதற்கும் இதே நியாயம்தான். வறண்ட ஓடையின் மணற்படுகை சமதளமாக, மெத்தென்று, ஆசை காட்டும், அங்கே படுக்கக்கூடாது. மணலில் கூடார முளைகளும் நிற்காது. பிற்பகல் காற்று பிடுங்கி எறிந்துவிடும். கயிறுகளைப் பெரிய கற்களில் கட்டுவதே வழி. கருத்து, முண்டுமுண்டாக, பொறுக்குத் தட்டியதுபோல் தெரியும் மண்ணின்மேல் மட்டும் கால் வைக்கவேண்டாம் என்று பிள்ளைகளிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். நுண்ணுயிர்கள் இழையிழையாக மணலைப் பிணைத்து உருவாக்கிய உயிருள்ள படலம் அது. ஒரு காலடியில் நொறுங்கும், மீண்டும் வளரப் பல ஆண்டுகள் பிடிக்கும்.

பிரைஸிலிருந்து கிழக்கே செல்லும் 12ஆம் எண் நெடுஞ்சாலையைத் தவறவிடாதீர்கள். எஸ்கலான்டே பகுதியில் காஃப் கிரீக் அருவிக்குச் சென்று திரும்ப ஏறத்தாழ ஆறு மைல் மணற்பாதை. விடிந்ததும் கிளம்பினால் சுமார் 125 அடி உயரத்திலிருந்து விழும் நீரின் அடியில், வெயில் ஏறுமுன் பிள்ளைகள் விளையாடலாம். வழியில் எதிர்ச்சுவரில் பழங்குடியினர் செந்நிறத்தில் தீட்டிய மனித உருவங்கள் தெரியும். கேபிடல் ரீஃப் பூங்காவுக்குள் மார்மன் என்ற மதப் பிரிவைச் சேர்ந்த குடியேறிகள் வைத்த பழத்தோட்டங்கள் இன்றும் காய்க்கின்றன. பறிப்பதற்குத் திறந்திருக்கும் தோட்டத்தில் அங்கேயே நின்று உண்பதற்குக் காசில்லை, வெளியே எடுத்துச் செல்வதற்குத்தான் கட்டணம். நண்பகலைக் கழிக்க இதைவிட நல்ல நிழல் கிடைக்காது.

கடைசியாகக் கடிகாரம். கோடையில் யூட்டா தன் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைக்கிறது, அரிசோனா தள்ளுவதில்லை, அரிசோனாவுக்குள்ளேயே இருக்கும் நவாஹோ நாடு, அதாவது நவாஹோ பழங்குடியினரின் தன்னாட்சிப் பகுதி, தள்ளுகிறது. ஆன்டலோப் கேன்யன் நவாஹோ நிலம். வழிகாட்டியுடன்தான் நுழைய முடியும். ஆனாலும் அந்தச் சுற்றுலாக்கள் அரிசோனா நேரப்படி நடக்கின்றன. எல்லைப்பகுதியில் கைப்பேசி எந்தக் கோபுரத்தைப் பிடிக்கிறதோ அந்த நேரத்தைக் காட்டும். அதனால் முன்பதிவு செய்யும்போது மணியை மட்டும் கேட்காமல், எந்த ஊர் மணி என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

வணக்கம்.