ஏட்டுச் சுரைக்காயும் என் பெரியம்மா தக்களியும்

எல்லாருக்கும் வணக்கம். வாசகர் வட்டத் தலைவர் ஐயா அவர்களே, பேரூராட்சித் தலைவர் அம்மா அவர்களே, தலைமையாசிரியர் அவர்களே, எனக்கு முன்னாடி பேசி கைதட்டல பூரா வாங்கிட்டுப் போன தமிழய்யா அவர்களே (சால்வைக்கு நன்றிங்கய்யா, கைத்தறியா இருந்திருந்தா இன்னும் சந்தோஷப்பட்டிருப்பேன்), முன்வரிசைல இருக்கிற நெசவாளர் அண்ணன்மாரே, மைக் செட் தம்பி, யாரையாவது விட்டிருந்தா மன்னிச்சுக்கங்க.

நூல், சாயம், தறின்னு மூணு விஷயம் பேச வந்திருக்கேன். முதல்ல நூல். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதும்பாங்க, தொல்லியல்லயும் அதேதான். தோண்டி எடுத்தத அளந்து படம் வரைஞ்சு வச்சா பத்தாது, அதே மாதிரி ஒண்ணு செஞ்சு வேலை பாத்துப் பாக்கணும். தக்களின்னா கையால சுத்தி நூல் நூக்குற குச்சி, அதுல சொருகுற வட்டக் கனம்தான் வில்லை. டென்மார்க்குல கோபன்ஹேகன் பல்கலைக்கழக ஜவுளி ஆராய்ச்சி மையத்துல 4, 8, 18 கிராம்னு தக்களி வில்லை செஞ்சு, கைதேர்ந்தவங்கள வச்சு கம்பளி நூத்துப் பாத்தாங்க. வில்லை லேசுன்னா நூல் மெல்லிசு, கனம்னா தடி. அப்ப துணி மக்கிப் போனாலும் வில்லைய எடை போட்டு என்ன நூல் நூத்திருப்பாங்கன்னு ஊகிக்கலாம்ல.

அமெரிக்காக்காரம்மா எலிசபெத் பார்பர், ஆஸ்திரியாவுல ஹால்ஷ்டாட் உப்புச் சுரங்கத்துல கிடைச்ச கட்டம் போட்ட கம்பளித் துணிய அப்படியே நெய்யப் பாத்தாங்க. தங்கச்சியையும் கூட வச்சுக்கிட்டு நாள் பூரா பாவு, அதான் தறில நீளவாட்டுல கட்டுற நூல, ஓட்டி, நெய்து பாத்தப்பதான் பாவையும் குறுக்கே போற ஊடையையும் மாத்திட்டோம்னு தெரிஞ்சுச்சாம்! முன்வரிசைல சிரிக்கிறீங்க பாருங்க, உங்களுக்குத்தான் அது புரியும்.

என் கதை அதவிட மோசம். கீழடில தக்களி வில்லையப் பாத்துட்டு வந்து நானும் களிமண்ணுல ஒண்ணு பிடிச்சு, அடுப்புல சுட்டு, முதல்ல சுட்டது வெடிச்சு, ரெண்டாவது கோணி, மூணாவது ஒருவழியா தேறி, நடுவுல மூங்கில் குச்சி சொருகி, பஞ்சுப் பட்டைய வச்சு திண்ணைல உக்காந்து சுத்துறேன் சுத்துறேன், மூணு நாளா நூல் அறுந்துக்கிட்டே இருக்கு. தெருப் பசங்க வேடிக்கை. வீட்டுல, இவருக்கு என்னமோ ஆயிருச்சுன்னு என் மச்சினனுக்கு போனே போட்டுட்டாங்க. நாலாம் நாள் எண்பது வயசு பெரியம்மா வந்துச்சு. "டேய், தக்களி நல்லாத்தான்டா சுத்துது, நீ பஞ்ச மாட்டு மடி மாதிரி இழுக்குற"ன்னு புடுங்கிச்சு. விரல்ல எச்சி தொட்டு ஒரு சுத்து, ஒரு முழம் நூல்! எங்க கத்துக்கிட்டன்னு கேட்டா, "ஸ்கூல்ல தக்களி பீரியட்டு"ன்னுச்சு.

இதத்தான் நான் ஊர் ஊரா சொல்றேன். 1937ல வார்தாவுல காந்தி கைத்தொழிலோட படிப்புன்னு வச்சாரு, அதுல வந்த பீரியடு அது. கீழடில தக்களி, எலும்புமுனைக் கருவி, செம்பு ஊசின்னு நெசவுக்கான பொருள் அத்தனை கிடைச்சு, 2023ல மியூசியமும் வந்தாச்சு. நம்ம பிள்ளைங்க கண்ணாடிக்கு வெளிய நின்னு செல்ஃபி எடுக்குது. ஏட்டுச் சுரைக்காய்! வாரத்துல ஒரே ஒரு பீரியடு, ஆளுக்கு ஒரு தக்களி குடுங்க. தலைமையாசிரியர் ஐயா சிரிக்கிறாரு, சம்மதம்னே எடுத்துக்கிறேன்.

சாயம், தறி ரெண்டும் பாக்கி, தலைவர் ஐயா வாட்ச்சப் பாக்குறாரு. தக்களி பீரியடு கேட்டு கையெழுத்து போடுற நோட்டு வாசல் மேஜைல இருக்கு. பேனாவ நூல்ல கட்டி வச்சிருக்கேன், பெரியம்மா நூத்தது, பிச்சுறாதீங்க.