வடசென்னையில் வீடு வாங்கப் போகிறீர்களா? இந்த நாலு வரியைப் படிக்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்!

[திரையில்: இரண்டு பத்திரங்களின் சொத்து விவரப் பக்கம், அருகருகே]

ஒரே மனைக்கு இரண்டு பத்திரம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 2018இல் எழுதியதில் 'வடக்கே 20 அடி ரோடு' என்று போட்டிருக்கிறது. அதே மனையின் 1964ஆம் வருடத்துத் தாய்ப்பத்திரத்தைப் பிரித்தால், அதே வடக்கில் 'வாய்க்கால்' என்று எழுதியிருக்கிறது. வாய்க்கால் எங்கே போச்சு? அந்த ரோட்டுக்கு அடியில்தான் கிடக்கிறது. மழைத் தண்ணீருக்கு 2018ஆம் வருடத்துப் பத்திரம் தெரியாது, அது பழைய பள்ளத்துக்குத்தான் வரும். 50 லட்சம் கடன் வாங்கி வீடு பார்க்கப் போகிறவர்கள் டைல்ஸைத் தட்டிப் பார்க்கிறார்கள், கிச்சன் கப்போர்டைத் திறந்து பார்க்கிறார்கள், இந்த ஒரு வரியைப் பார்க்காமல் டோக்கன் அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறார்கள். எனக்கு வயிறு எரிகிறது!

வணக்கம். இன்றைக்கு நம்ம ஏரியா: ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர், இந்தப் பக்கம் வியாசர்பாடி, பெரம்பூர், மாதவரம், மணலி. மெட்ரோ 2021இல் விம்கோ நகர் வரைக்கும் வந்ததிலிருந்து இங்கே வீடு தேடுகிறவர்கள் அதிகம். தேடுங்கள், தாராளமாக வாங்குங்கள், வடசென்னையில் வீடா என்று முகம் சுளிக்கிறவர்களைக் கண்டுகொள்ளாதீர்கள். ஆனால் பார்த்து வாங்குங்கள்.

முதலில் எல்லோரும் சொல்லும் வில்லங்கச் சான்றிதழ், அதாவது அந்தச் சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானம் எல்லாவற்றின் பட்டியல், அதைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். பதிவுத்துறையின் இணையதளத்தில் பெரும்பாலும் 1975 முதல் பார்க்கலாம், அதற்கு முந்தியது வேண்டுமென்றால் சார் பதிவாளர் அலுவலகத்தில் மனு எழுதிக் கொடுத்து வாங்குங்கள். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஒரு ஊர் ஒரு காலத்தில் ஒரு அலுவலகத்தின் எல்லையில் இருந்து, பிறகு வேறு அலுவலகத்துக்கு மாறியிருக்கலாம். அப்படியானால் இரண்டு இடத்திலும் வில்லங்கம் போட்டால்தான் முழுக் கதையும் வரும். பதிவு செய்யாத உயில், கோர்ட்டில் நடக்கும் கேஸ் இதெல்லாம் அதில் வராமலே போகலாம். ஆகவே வில்லங்கம் சுத்தம் என்று புரோக்கர் சொன்னால், சரி என்று தலையாட்டிவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள்.

இப்போது நான் பேச வந்த விஷயம், செக்குபந்தி. பத்திரத்தின் கடைசியில் சொத்து விவரம் என்று ஒன்று வரும். அதில் வடக்கே யார் மனை, தெற்கே என்ன, கிழக்கே என்ன, மேற்கே என்ன என்று நாலு வரி இருக்கும். அந்த நாலு வரியை இப்போதைய பத்திரத்தில் மட்டும் படித்தால் போதாது. கையில் இருக்கிற அத்தனை பழைய பத்திரத்தையும் வருட வரிசையில் அடுக்கி, வடக்கு வடக்காக, தெற்கு தெற்காக ஒரு பேப்பரில் எழுதிப் பாருங்கள். ஆள் பெயர் மாறலாம், பக்கத்து மனைக்காரர் விற்றிருப்பார், பிள்ளைகள் பாகம் பிரித்திருப்பார்கள். ஆனால் வாய்க்கால் ரோடாகிறது, தாங்கல், அதாவது சின்ன ஏரி, காலி மனையாகிறது, புறம்போக்கு ஒரு தனியாரின் பெயராகிறது என்றால் அங்கேயே நிறுத்திக் கேள்வி கேளுங்கள். எந்த வருடம் மாறியது, யார் மாற்றினார்கள், அதற்கு அரசாங்கக் காகிதம் ஏதாவது உண்டா?

அப்புறம் அந்தப் பேப்பரோடு நேரில் போய் நில்லுங்கள். ஒரு டேப் எடுத்துக்கொள்ளுங்கள். கிழமேல் (கிழக்கு மேற்காக) வடபுறம் இத்தனை அடி, தென்புறம் இத்தனை அடி, தென்வடல் (தெற்கு வடக்காக) இரண்டு பக்கமும் இத்தனை அடி என்று நாலு அளவு இருக்கும், நாலையும் பிடியுங்கள். ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை சந்துகளில் இருக்கும் பழைய வீடுகளில் இன்னும் இரண்டு விஷயம் பத்திரத்துக்குள் ஒளிந்திருக்கும்: பொதுச் சுவர், பொது நடை. நீங்கள் இடித்துக் கட்டலாம் என்று வாங்குவீர்கள், பக்கத்து வீட்டுக்காரரின் உத்திரம் அதே சுவரில்தான் உட்கார்ந்திருக்கும். பின்கட்டில் குடியிருப்பவர் உங்கள் வாசல் வழியாகத்தான் போய்வர உரிமை என்று 1950களில் எழுதியிருப்பார்கள், அது இன்றைக்கும் செல்லும். அந்த நடையை மறித்துக் கதவு போட முடியாது.

கிழக்கே கடல் என்று வரும் மனைகளும் உண்டு. இதைச் சொல்லியே ஆகவேண்டும், எனக்கு இதில் வியப்பு தீரவே இல்லை. நம் கரையில் வருடக் கணக்கில் பார்த்தால் மணல் தெற்கிலிருந்து வடக்காக நகர்கிறது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் சென்னைத் துறைமுகத்துக்கு அலைதடுப்புச் சுவர் கட்டினார்கள். வருகிற மணல் தெற்கே தடுக்கப்பட்டது, மெரினா இவ்வளவு அகலமானது அப்படித்தான். வடக்கே மணல் வரத்து குறைந்தது, ராயபுரம் தொடங்கி எண்ணூர் வரைக்கும் கடல் கரையைத் தின்றது, தெருக்கள் போயின, வீடுகள் போயின. அங்கங்கே கல் கொட்டியிருப்பதும் கடலுக்குள் நீளும் கல் சுவரான தூண்டில் வளைவு போட்டிருப்பதும் அதனால்தான். ஆக, ஒருவருக்கு பீச் கிடைத்த அதே காரணத்தால்தான் இன்னொருவருக்கு வீடு போனது! அதனால் கடலோரம் வாங்கினால் பத்திரத்தில் இருக்கும் அடிக்கணக்கு இன்றைக்குத் தரையில் இருக்கிறதா என்று பாருங்கள். உயர் அலைக் கோட்டிலிருந்து, அதாவது அலை அதிகபட்சம் ஏறும் எல்லையிலிருந்து, 500 மீட்டர் வரைக்கும் கடலோர ஒழுங்குமுறை மண்டலத்தின் விதிகள் உண்டு, புதிதாகக் கட்ட அனுமதி கிடைக்குமா என்று முன்பே கேட்டுவிடுங்கள். எண்ணூர் கழிமுகத்தை ஒட்டிய இடங்களுக்கும் இந்த மண்டல விதிகள் உண்டு.

தண்ணீர் விஷயத்துக்கே வருவோம். புழல் ஏரி நிரம்பினால் உபரி நீர் வடகரை, கிராண்ட்லைன், வடபெரும்பாக்கம், கொசப்பூர், மணலி, சடையங்குப்பம் என்று போய்க் கொசஸ்தலை ஆற்றில் சேர்கிறது. திறக்கும்போதெல்லாம் எச்சரிக்கைப் பட்டியலில் இந்தப் பெயர்களைக் கேட்டிருப்பீர்கள். இந்த வழியில் வீடு பார்க்கிறீர்கள் என்றால் 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் தண்ணீர் எவ்வளவு ஏறியது என்று விற்கிறவரைக் கேட்காதீர்கள், தெருமுனை மளிகைக் கடையில் கேளுங்கள். அரிசி மூட்டை நனைந்தவருக்கு அந்த உயரம் மறக்காது, கையை வைத்தே காட்டுவார். மிக்ஜாமில் எண்ணூர்ப் பக்கம் வெறும் தண்ணீரும் வரவில்லை, மணலியிலிருந்து கசிந்த எண்ணெயும் சேர்ந்து வீட்டுக்குள் வந்தது. சுவரில் இடுப்பு உயரம் வரைக்கும் மட்டும் புது பெயின்ட் இருந்தால் காரணம் கேளுங்கள். வாசற்படியில் நின்று ரோட்டைப் பாருங்கள். ரோட்டின் மேல் ரோடு போட்டுப் போட்டு வீடு ஒரு படி கீழே போயிருந்தால், அந்த வீட்டுக்குச் சின்ன மழையே போதும்.

அடுத்தது மண் யாருடையது? சில இடங்களில் விலை பாதியாக இருக்கும். கட்டடம் விற்கிறவருடையது, அடிமனை கோயிலுடையது என்று பிறகு தெரியவரும். மாதாமாதம் அடிமனை வாடகை கட்டுகிற வீடு அது, நிலம் உங்களுக்கு வராது. நகர நிலஅளவைப் பதிவேட்டின் நகலை வாங்கிப் பாருங்கள், உரிமையாளர் என்ற இடத்தில் யார் பெயர் இருக்கிறது என்று அதில் தெரியும். அறநிலையத்துறையின் கோயில் நிலப் பட்டியலிலும் சர்வே எண்ணைத் தேடுங்கள்.

குடிசை மாற்று வாரிய வீடுகளும் இப்படித்தான். 1970இல் தொடங்கிய வாரியம், 2021இல் பெயர் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியது. ஒதுக்கீடு ஆணை வேறு, கிரயப் பத்திரம் வேறு. வாரியம் கிரயப் பத்திரம் கொடுக்காத வீட்டை, ஒதுக்கீடு பெற்றவர் நோட்டரி கையெழுத்தோடு ஒரு ஒப்பந்தம் எழுதி உங்களிடம் கொடுத்தால், பணம் மட்டும்தான் கை மாறும். பாவம், கூலி வேலை செய்து சேர்த்த பணத்தை இதில்தான் அதிகம் பேர் போடுகிறார்கள், தயவுசெய்து தெரிந்தவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

அப்பா பெயரில் இருந்த வீடு என்றால் வாரிசுச் சான்றிதழ் கேளுங்கள், அதில் இருக்கும் மகள்களின் கையெழுத்தும் வேண்டும். 'தங்கச்சிக்கு நகை போட்டாச்சு' என்பதெல்லாம் சட்டத்தில் நிற்காது. அடுக்குமாடி என்றால் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் (சிஎம்டிஏ) அனுமதி வரைபடத்தில் எத்தனை மாடி, நேரில் எத்தனை மாடி என்று எண்ணுங்கள், எல்லா வீட்டுக்கும் பொதுவான நிலத்தில் உங்கள் பங்குக்கு வரும் பிரிபடாத மனை எவ்வளவு என்று பாருங்கள். புதிய புராஜெக்டில் 8 வீட்டுக்கு மேல் இருந்தாலோ, மனை 500 சதுர மீட்டருக்கு மேல் இருந்தாலோ ரெரா, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு எண் கேளுங்கள்.

ஆலைகள் இருக்கும் மணலி, குப்பைக் கிடங்கு இருக்கும் கொடுங்கையூர்ப் பக்கம் பார்க்கிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு தடவை போய்ப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ராத்திரி போங்கள், விடியற்காலை போங்கள், காற்று திசை மாறும் மாதத்திலும் போங்கள். போர் தண்ணீரை வாயில் வைத்துப் பாருங்கள், மீஞ்சூர், எண்ணூர்ப் பகுதிகளில் உப்பு ஏறிய நிலத்தடி நீர் பல வருடப் பிரச்சினை.

எல்லாம் பார்த்த பிறகு அட்வான்ஸ். அதற்கான கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்யவேண்டும் என்று தமிழ்நாட்டில் 2012இல் சட்டத் திருத்தமே வந்தது. அதில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: பத்திரத்தின் செக்குபந்தியும் தரையின் அளவும் ஒத்துப்போகவில்லை என்றால் முழு அட்வான்ஸும் இத்தனை நாளுக்குள் திரும்பத் தரப்படும். விற்கிறவர் இந்த வரிக்குக் கையெழுத்துப் போட யோசித்தால் வேறு வீடு பாருங்கள். உங்கள் வீட்டுப் பத்திரத்தில் நாலு எல்லையிலும் என்ன எழுதியிருக்கிறது என்று கமெண்டில் போடுங்கள், பெயர், சர்வே எண் எதுவும் வேண்டாம். சந்தேகம் இருப்பவற்றை ஒரு ஆவண எழுத்தரை உட்காரவைத்து அடுத்த வீடியோவில் கேட்கிறேன்.