உடன் போனவரா, உட்கார்ந்திருந்தவரா?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். ரெண்டு சாமியாருங்க: அலெக்சாண்டர் கூடப் போன கலனோஸ் ஞானியா, போகாம உட்கார்ந்திருந்த மண்டனிஸ் ஞானியா? இதான் தலைப்பு. நான் உட்கார்ந்திருந்தவர் பக்கம்.

கி.மு. 326. தட்சசீலம். அலெக்சாண்டர் வர்றார்னதும் அந்த ஊர் ராஜாவே பணிஞ்சுட்டான். ஊருக்கு வெளிய கிட்டத்தட்ட நாலு கிலோமீட்டர் தள்ளி 15 சாமியாருங்க, உடம்புல ஒட்டுத்துணி இல்லாம வெயில்ல கிடக்கிறாங்க. அவங்க அசையல. சரின்னு, அவங்ககிட்ட பேச ஒனெசிக்ரிட்டஸ்னு தன்னோட ஆளு ஒருத்தரை அலெக்சாண்டர் அனுப்புறார்.

மத்தியான வெயில். வெறுங்கால் வைக்க முடியாத தரை. வந்தவர் கால்ல பூட்ஸு, தலையில அகலத் தொப்பி, மேல அங்கி. கல்லு மேல படுத்திருந்த கலனோஸ் பார்த்தார், சிரிச்சார். "பாடம் கேக்கணுமா? எல்லாத்தையும் கழட்டிட்டு வந்து இந்தக் கல்லுல படு." எப்படியிருக்கும் அந்த மனுஷனுக்கு! பூட்ஸுக்குள்ளயே கால் வேகுது, முதுகை வைக்கச் சொல்றாங்க! அப்பத்தான் மூத்தவர் மண்டனிஸ் குறுக்க வந்தார்: "ஆணவத்தைத் திட்டிக்கிட்டே நீயே ஆணவமா பேசுறியே!"

அடுத்த கூத்து, மொழிபெயர்ப்பாளர். ஒருத்தர் இல்ல, மூணு பேர். "இவங்க வழியா தத்துவம் சொல்றது, சேத்து வழியா தெளிஞ்ச தண்ணி ஓடச் சொல்ற மாதிரி"ன்னார் மண்டனிஸ். நம்ம வீட்டுல மாமியார் பேரன்கிட்ட சொல்லி அனுப்புவாங்களே, "அம்மாவைச் சாப்பிட வரச் சொல்லு"ன்னு? அடுப்படிக்குப் போய்ச் சேரும்போது, "பாட்டி திட்டுறாங்க!"

இப்ப எதிரணி அம்மாவுக்கு வர்றேன். "கிடந்த இடத்துலயே கிடந்தவர் ஞானின்னா, எங்க வீட்டு சோபாவுல கிடக்கிறவரும் ஞானிதான்"னாங்க. கைதட்டல் வேற! அம்மா, உங்க வீட்டுக்காரர் மூணாவது வரிசையில பாவமா உட்கார்ந்திருக்கார். நீங்க "காபி"ன்னா எந்திரிப்பாரா, மாட்டாரா? தலையாட்டுறார் பாருங்க! மண்டனிஸை அலெக்சாண்டர் கூப்பிட்டது காபிக்கு இல்லம்மா. வந்தா பரிசு, வராட்டி தண்டனை. "உசிரோட இருக்கிறவரை இந்த மண்ணு சோறு போடும். செத்தா இந்தக் கிழ உடம்பு விட்டுப் போகும்"னுட்டு அங்கயே இருந்துட்டார். ரிமோட்டைப் பிடுங்கினா உங்காளு இருப்பாரா?

மணி அடிச்சிட்டீங்க. ஒரு நிமிஷம்.

கலனோஸ், அலெக்சாண்டர் கூடப் போனார். அவர் பேரு கலனோஸே இல்லங்க. ஸ்ஃபினெஸ்னு கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதுறார். பார்க்கிறவங்களை "கலே"ன்னு வாழ்த்துவாராம், கிரேக்கருங்க அதையே பேராக்கிட்டாங்க. துணியை விட்டவர், வீட்டை விட்டவர், கடைசியில பேரையும் விட்டார். 73 வயசுல, பாரசீகத்துல, உடம்பு நோவு தாங்காம உசிரோட எரிஞ்சு போக தானே சிதை கேட்டார். படையே சுத்தி நிக்குது. நடக்க முடியாம, தூக்கிட்டுப் போறாங்க. போற வழியெல்லாம் பாடிக்கிட்டே போனாராம், அத்தனை கிரேக்கருக்கு நடுவுல, தன்னோட சொந்த பாஷையில.