பரணில் கிடக்கும் மடிக்கணினி

வானொலி நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

தமிழ்நாட்டில் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011ஆம் ஆண்டு செப்டம்பரில் தொடங்கியது. முதல் ஆண்டுகளில் அதைப் பெற்ற மாணவர்கள் இன்று தம் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் பருவத்தில் இருக்கிறார்கள். அந்தக் கணினிகளோ பல வீடுகளில் பரணில் கிடக்கின்றன. கேட்டால், "அது ரொம்ப ஸ்லோ" என்ற ஒரே பதில்தான் வருகிறது.

கணினி மெதுவாகிவிட்டது என்பது பாதி உண்மைதான். அதில் இருந்த விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரி 14 அன்று முடிந்துவிட்டது. இணையப் பக்கங்களும் அன்று இருந்ததைவிடப் பல மடங்கு கனமாகிவிட்டன. ஆனால் எழுத்தைத் திரையில் காட்டுவதும், பாடலை ஒலிக்கச் செய்வதும், கணக்கெழுத உதவுவதும் அந்தக் கணினிக்கு இன்றும் சுலபமான வேலைகளே. எல்லா வேலைக்கும் அதை இழுக்காமல் ஒரே ஒரு வேலையை ஒப்படையுங்கள் என்பதுதான் நான் பல ஆண்டுகளாகச் சொல்லிவருவது.

எங்கள் தெருவில் ஒரு கல்லூரி மாணவி, அக்காவின் பழைய மடிக்கணினியை எடுத்துவந்தார். எந்த இணையதளத்தைத் திறந்தாலும் "பாதுகாப்பற்ற இணைப்பு" என்று மறுத்தது. பழுது பார்க்கும் கடையில் மதர்போர்டு போய்விட்டதாகச் சொல்லியிருக்கிறார்கள். நான் முதலில் பார்த்தது திரையின் மூலையில் இருந்த தேதியை: 2010 ஜனவரி 1. இணையதளங்கள் காட்டும் பாதுகாப்புச் சான்றிதழ் ஒவ்வொன்றுக்கும் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. கணினி 2010இல் நின்றுகொண்டிருந்தால், இன்றைய சான்றிதழ்கள் எல்லாம் அதற்கு இன்னும் பிறக்காதவை. அணைத்து வைத்திருக்கும்போதும் நேரத்தைக் காப்பது, உள்ளே இருக்கும் சிஆர்2032 என்ற காசு வடிவ பேட்டரி. கடிகாரக் கடைகளிலேயே கிடைக்கும் அந்தச் சிறு வில்லை தீர்ந்துபோயிருந்தது; மாற்றித் தேதியைத் திருத்தியதும் பக்கங்கள் திறந்தன. ஆகவே, பழைய கணினியை எடுத்ததும் முதலில் தேதியைப் பாருங்கள். மறுபடியும் சொல்கிறேன், தேதியைப் பாருங்கள்.

அடுத்து, ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு அதைவிட வேகமான எஸ்எஸ்டி என்னும் சிறிய சேமிப்பகத்தைப் பொருத்துவது. செலவழிக்கும் பணத்துக்கு இதைவிடப் பலன் தரும் மாற்றம் வேறில்லை. பிறகு, விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளமாகிய லினக்ஸில், எளிய வன்பொருளிலும் ஓடக்கூடிய ஒன்றை நிறுவலாம். இது நமக்கு அயலான பொருளும் அன்று: டெபியன் என்னும் லினக்ஸ் வகையை அடிப்படையாகக் கொண்ட பாஸ் லினக்ஸை உருவாக்கியதே, மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையம்தான்.

இனி, அந்த ஒரே வேலை என்ன என்பதற்கு வருகிறேன். என் விருப்பம், இணையமே இல்லாத வீட்டு நூலகம். கிவிக்ஸ் என்னும் இலவச மென்பொருளைக் கொண்டு, 2003இல் தொடங்கி இன்று 1.5 லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகளுடன் வளர்ந்திருக்கும் தமிழ் விக்கிப்பீடியாவை ஒரு முறை இறக்கி வைத்துக்கொண்டால், பிறகு இணைப்பே தேவையில்லை. 1998 முதல் மதுரைத் திட்டம் மின்னூலாக்கிவரும் சங்க இலக்கியமும் காப்பியங்களும் உண்டு. அரசுப் பாடநூல்கள் பிடிஎஃப் வடிவில் உண்டு. கைபேசியில் பாடம் படிக்க உட்காரும் பிள்ளையை அடுத்த நிமிடமே ஏதோ ஒரு காணொளி இழுத்துக்கொண்டு போவதை நீங்கள் நாள்தோறும் பார்க்கிறீர்கள். இந்தத் திரையில் விளம்பரம் வராது, அறிவிப்பு மணி ஒலிக்காது. தேடிய சொல்லுக்கான பக்கம் மட்டும் திறக்கும். கூடத்து மேசையில் நிலையாக வைத்துவிட்டால், தாத்தா பாட்டியும் எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டு படிப்பார்கள்.

நேரம் நெருங்கிவிட்டதால், கண்காணிப்புக் கேமராப் பதிவு, அச்சுப்பொறிப் பகிர்வு ஆகியவற்றை விட்டுவிட்டு, அவசியமான இரண்டை மட்டும் சொல்கிறேன். டச்பேட் மேலெழும்பியிருந்தாலோ, அடிப்பக்கம் புடைத்திருந்தாலோ பேட்டரி உப்பியிருக்கக்கூடும். சார்ஜ் போடாமல், குத்தாமல், தெரிந்தவரைக் கொண்டு அகற்றுங்கள். பல மாடல்கள் பேட்டரி இல்லாமலே சார்ஜரில் இயங்கும், ஆனால் மின்சாரம் போனால் சட்டென அணைந்துவிடும் என்பதால் இன்வெர்ட்டர் இணைப்பில் வையுங்கள். கணினியைப் பிறருக்குக் கொடுப்பதானால், கோப்புகளை டெலிட் செய்வது மட்டும் போதாது, அவற்றை மீட்டெடுக்க முடியும். வட்டு முழுவதையும் அழித்துவிட்டுக் கொடுங்கள், அல்லது வட்டைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். வணக்கம்.