பனியை மோதவிடும் மேடுகள்

நேயர்களுக்கு வணக்கம். ஐஸ்லாந்தின் கிழக்கே, மலையடிவாரத்தில் கடலை ஒட்டி நெஸ்கோய்ப்ஸ்தாதுர் என்று ஒரு மீன்பிடி ஊர். 1974 டிசம்பர் 20 அன்று மலையிலிருந்து அடுத்தடுத்து இரண்டு பனிச்சரிவுகள் இறங்கி 12 பேரின் உயிரைக் கொண்டுபோயின. இன்று ஊருக்கு மேலே, மலைச்சரிவில் மனிதர்கள் கட்டிய 10 மீட்டர் உயர மேடுகள் இரண்டு வரிசையாக நிற்கின்றன. அவற்றுக்குக் கீழே, பனியைத் தடுத்து நிறுத்த 17 மீட்டர் உயரத்தில் ஓர் அணை.

அணை மட்டும் போதாதா? கணக்குப் போட்டுப் பாருங்கள். நொடிக்கு 30 மீட்டர் வேகத்தில் வரும் பனி, அணையில் முட்டினால் தோராயமாக 45 மீட்டர் வரை மேலே ஏறிவிடும். அது பதினைந்து மாடி உயரம்! ஆனால் வேகம் பாதியானால் கால்வாசி உயரம் போதும். அதனால்தான் முதலில் மேடுகளை வைத்து வேகத்தைக் குறைக்கப் பார்க்கிறார்கள்.

வீட்டிலேயே இதன் சாயலைப் பார்க்கலாம். நீளமான கண்ணாடித் தொட்டியில் நல்ல தண்ணீர் நிரப்பி, ஓர் ஓரத்தில் மை கலந்த உப்புத் தண்ணீரை மெல்ல ஊற்றுங்கள். கனமான அது அடித்தரையை ஒட்டி ஊர்ந்து போகும். வழியில் ஒரு ரப்பர் துண்டை வைத்தால், அதில் மோதிக் கொஞ்சம் எகிறித் தாண்டும், கொஞ்சம் அலையாகப் பின்னால் திரும்பும். துண்டு ரொம்பத் தாழ்வாக இருந்தால் பெரிதாக ஒன்றும் நடக்காது. ஓட்டத்தின் தடிமனை வைத்துத்தான் தடையின் உயரம். பனிச்சரிவில் அடியில் வரும் அடர்த்தியான அடுக்கின் தடிமனைப் போல மேடு இரண்டு மூன்று மடங்கு உயரம் இருக்க வேண்டும். முன்முகம் செங்குத்தாக நிற்க வேண்டும்.

சரி, மேடுகளுக்கு நடுவே இடைவெளி எதற்கு? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். மேட்டில் மோதிய பனி மேலே மட்டுமா எகிறுகிறது, பக்கவாட்டிலும் விரிகிறது. பக்கத்து மேட்டிலிருந்து விரிந்த பனியோடு முட்டிக்கொள்கிறது. பனியின் வேகத்தைப் பனியே தின்றுவிடுகிறது! மிச்சம் வருவதை, இடைவெளிக்கு நேரே நிற்கும் இரண்டாம் வரிசை பிடிக்கிறது.

மேலே புகைபோல் வரும் பனித்தூள் மேகத்தை இந்த மேடுகளால் அவ்வளவாகத் தடுக்க முடியாது. 2023 மார்ச்சில் அதே ஊரில் மறுபடி சரிவு வந்தது. தடுப்பு கட்டி முடியாத பகுதியில்தான் வீடுகளுக்குள் பனி புகுந்தது. சிலருக்குக் காயம், யாரும் இறக்கவில்லை.