பல் தேய்த்ததையும் எழுதுங்கள்

(தலைப்பு: ‘எழுத்தாளரை உருவாக்குவது வாசிப்பா, நாட்குறிப்பா?’ ‘நாட்குறிப்பே’ அணியின் இரண்டாம் பேச்சு)

நடுவர் ஐயா, இரு அணித் தோழர்கள், எதிரே இருக்கும் பெரியவர்கள், எல்லோருக்கும் வணக்கம். கொடுத்த நேரம் எட்டு நிமிஷம், நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

சற்று முன்னால் எதிரணி அண்ணன் ஒரு போடு போட்டுவிட்டுப் போனார். “டைரியில என்னய்யா எழுதுவீங்க? காலையில எழுந்தேன், பல் தேய்ச்சேன், சாப்பிட்டேன், தூங்கினேன். மறுநாளும் அதே. முதல் பக்கத்தை 364 ஜெராக்ஸ் எடுத்து ஒட்டிட்டா வேலை முடிஞ்சதே!” நீங்களும் கைதட்டினீர்கள். நடுவர் ஐயாவும் சிரித்தார். சிரிக்கட்டும், தீர்ப்பில் சிரிக்காமல் இருந்தால் போதும்.

வாசிப்பு வேண்டாம் என்று எங்கள் அணியில் யாரும் சொல்லவில்லை, அதனால் அதை விடுங்கள். அண்ணனுடைய ஜெராக்ஸுக்கு வருவோம்.

அண்ணே, லண்டனில் ஒருவர் அதைத்தான் செய்தார். பெயர் சாமுவேல் பீப்ஸ். கடற்படை அலுவலகத்தில் உத்தியோகம். 1660 ஜனவரி 1ஆம் தேதி தொடங்கி 1669 மே 31 வரை நாட்குறிப்பு எழுதினார். என்ன சாப்பிட்டார், யாரோடு சண்டை, மனைவியோடு என்ன மனஸ்தாபம், எல்லாம் அதில் உண்டு. அண்ணன் கணக்குப்படி சுத்தமான ஜெராக்ஸ் கேஸ்.

1666 செப்டம்பர் 2, ஞாயிற்றுக்கிழமை. விடிகாலை மூணு மணி. வேலைக்காரப் பெண் வந்து எழுப்பி, நகரத்தில் பெரிய தீ தெரிகிறது என்கிறாள். இவர் எழுந்து ஜன்னல் பக்கம் போய்ப் பார்க்கிறார். பார்த்துவிட்டு என்ன செய்தார்? ஓடினாரா? ஊரை எழுப்பினாரா? தூரத்தில்தானே எரிகிறது என்று திரும்பப் போய்ப் படுத்துத் தூங்கிவிட்டார்! ஐயா, அது லண்டன் பெருந்தீ! நாம் எழுதியிருந்தால் எப்படி எழுதியிருப்போம்? ‘நெஞ்சம் பதறியது, கண்கள் குளமாயின.’ இவர் என்ன எழுதினார்? தூங்கிவிட்டேன்.

இருங்க, முடியவில்லை. தீ நெருங்கிவிட்டது. மறுநாள் விடிகாலை நாலு மணிக்குப் பணத்தையும் வெள்ளிப் பாத்திரத்தையும் வண்டியில் ஏற்றி, தானும் ஏறிப் போகிறார். எந்தக் கோலத்தில்? ராத்திரி உடுப்பில்! கடற்படை அதிகாரி ஐயா! அதையும் ஒளிக்காமல் எழுதுகிறார். அதற்கு மறுநாள் குழி வெட்டுகிறார்கள். எதைப் புதைக்க? யாராவது சொல்லுங்க பார்ப்போம். நகையா? பொக்கிஷமா? ஒயின். அதோடு ஒரு பார்மசான் சீஸ்! பாலாடைக்கட்டிங்க! ஊரே பற்றி எரிகிறது, மனுஷர் பாலாடைக்கட்டிக்குப் பள்ளம் தோண்டுகிறார்!

(சிரித்து முடியுங்கள், காத்திருக்கிறேன்.)

அந்தத் தீயில் எத்தனை வீடு எரிந்தது என்று கேட்டால் இந்த அரங்கில் எத்தனை பேர் சொல்வீர்கள்? ஆனால் இன்றைக்கு ராத்திரி வீட்டுக்குப் போய் எதைச் சொல்லப்போகிறீர்கள்? சீஸைத்தானே? எது நிற்கும், எது போகும் என்று எழுதுகிற அன்றைக்கு யாருக்கும் தெரியாது. தெரியாததால்தான் பல் தேய்த்ததையும் எழுத வேண்டியிருக்கிறது அண்ணே.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். பட்டியல் போட்டால் ஜெராக்ஸ்தான். ஒரு நாளுக்கு ஒரே ஒரு காட்சி, பத்து நிமிஷம், பத்து வரிக்குள். அவ்வளவுதான் வேண்டியது. ‘இன்று மனசு சரியில்லை, ஒரே வெறுப்பு’ என்று எழுதுகிறீர்கள். ஆறு மாதம் கழித்து அந்த வரியை வைத்து என்ன செய்ய முடியும்? ‘சாவி பூட்டில் ரெண்டு தரம் வழுக்கியது. உள்ளே இருந்தவர் “வந்துட்டியா” என்று கேட்டார், தலையைத் திருப்பவில்லை.’ இதை வைத்துக் கதையே எழுதலாம். வெறுப்பு என்று சொல்லவே இல்லை, பாருங்கள். முதலில் எழுத வேண்டியது பேச்சு. யார் என்ன அர்த்தத்தில் சொன்னார் என்பது ஞாபகம் இருக்கும், எந்த வார்த்தையில் சொன்னார் என்பது மறுநாளே கழன்றுவிடும். அதனால் பேச்சை அன்றைக்கே, சொன்னது சொன்னபடி. இடமும் வெயிலும் மழையும் அதற்கப்புறம்.

“ஜனவரி பத்தைத் தாண்டி எவன் டைரி எழுதறான்?” இதுவும் அண்ணன் கேட்டதுதான். நியாயமான கேள்வி. தப்பு எழுதுகிறவரிடம் இல்லை, தேதி அச்சடித்த டைரியில் இருக்கிறது. மூணு நாள் விட்டால் மூணு வெள்ளைப் பக்கம் முறைக்கும். பாக்கியை எழுதி நிரப்ப உட்காருவோம், மூணு நாளையும் ஒரே மூச்சில் எழுதுவோம், அலுத்துப்போகும், மூடி வைப்போம். கதை முடிந்தது. கோடு போட்ட சாதா நோட்டு வாங்குங்கள். தேதியை வருஷத்தோடு கையால் எழுதுங்கள். விட்ட நாள் விட்டதுதான், பாக்கி தீர்க்கக் கூடாது.

வலப்பக்கம் மட்டும் எழுதுங்கள், இடப்பக்கம் காலியாக இருக்கட்டும். ஒரு மாதம் கழித்து வேறு நிற மையோடு வந்து வாசியுங்கள். ஏன் ஒரு மாதம்? ஒரே வாரத்தில் வாசித்தால், எழுதாமல் விட்டதை ஞாபகமே நிரப்பிவிடும், எல்லாம் பிரமாதமாகத் தெரியும். ஒரு மாதம் ஆனால் எதை விட்டோம் என்பது பளிச்சென்று தெரியும். தோன்றுவதை இடப்பக்கத்தில் எழுதுங்கள். பக்கத்துக்கு எண் போட்டு, கடைசி இரண்டு பக்கத்தில் ‘வரிசையில் சண்டை: 14, 52, 61’ என்று அட்டவணை போடுங்கள். எந்த விஷயத்துக்கு நேரே எண்கள் சேர்ந்துகொண்டே போகிறதோ, அதுதான் நீங்கள் எழுத வேண்டிய கதை. அண்ணன் அதைப் புத்தகக் கடையில் தேடிக்கொண்டிருக்கிறார்.

அமெரிக்க நாவலாசிரியர் ஸ்டைன்பெக் 1951இல் ஒரு பெரிய நாவலை எழுதியது எப்படி? பெரிய நோட்டு. இடப்பக்கத்தில் பதிப்பாசிரியருக்குத் தினமும் கடிதம், கை சூடானதும் வலப்பக்கத்தில் நாவல். ஜெர்மன் மொழியில் எழுதிய காஃப்கா 1912 செப்டம்பர் 22 ராத்திரி பத்து மணிக்கு உட்கார்ந்து காலை ஆறு மணிக்கு ஒரு கதையை முடித்தார். எதில் எழுதினார்? டைரி நோட்டில்!

“யாராவது படிச்சுட்டா?” என்று ஒரு பயம் இருக்கும். அந்தப் பயம் வந்தால் பேனா பொய் பேச ஆரம்பிக்கும். நம்ம பீப்ஸ் என்ன செய்தார்? சுருக்கெழுத்தில் எழுதிவிட்டார். பின்னாளில் ஜான் ஸ்மித் என்ற மாணவர் 1819இல் தொடங்கி மூணு வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டு அதைப் படித்தெடுத்தார். அந்தச் சுருக்கெழுத்தைக் கற்றுக்கொடுக்கும் கையேடு எங்கே இருந்தது தெரியுமா? அந்த டைரி இருந்த பீப்ஸின் நூலகத்திலேயே! வாசிப்பு அணிக்கு இதைக் காணிக்கையாகத் தருகிறேன்.

மணி அடிக்கிறீர்கள் ஐயா. ஒரே நிமிஷம்.

ஒரு பெண் குழந்தை. பதிமூன்றாவது பிறந்தநாளுக்கு ஒரு டைரி கிடைக்கிறது. 1942 ஜூன் 12. ஆன் ஃபிராங்க். யூதக் குடும்பம். ஹிட்லரின் நாஜிகளுக்குப் பயந்து அடுத்த மாதமே ஆம்ஸ்டர்டாமில் குடும்பத்தோடு ஒளிந்து வாழப் போகிறாள். 1944 மார்ச்சில் வானொலியில் ஒரு அமைச்சர் பேசுகிறார்: போர் முடிந்ததும் மக்களின் கடிதங்களையும் டைரிகளையும் சேகரிப்போம் என்று. அந்தப் பிள்ளை மே மாதம் உட்கார்ந்து, தன் டைரியைத் தானே திருத்தி, தனித்தாள்களில் மறுபடி எழுத ஆரம்பித்தாள். எழுத்தாளராக வேண்டும் என்று ஆசை. ஆகஸ்ட் 4ஆம் தேதி பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

தரையில் சிதறிக் கிடந்த தாள்களை அவர்கள் ஒளிந்திருக்க உதவிய மீப் கீஸ் என்ற பெண்மணி எடுத்து, ஒரு வரிகூடப் படிக்காமல் மேசை இழுப்பறையில் வைத்தார். அவள் திரும்பி வந்ததும் கொடுக்கலாம் என்று. அந்தக் குடும்பத்தில் திரும்பி வந்தவர் அப்பா ஒருவர்தான். மகள் இல்லை என்று உறுதியான பிறகு, அந்தத் தாள்கள் அவர் கைக்கு வந்தன.

ரெண்டு வருஷத்துக்கு மேல் ஒரே மறைவிடத்தில், ஒரே கூரைக்குக் கீழே இருந்த அப்பா ஐயா! படித்து முடித்த அவர் பிறகு சொன்னார், பெரும்பாலான பெற்றோருக்குத் தங்கள் பிள்ளைகளை உண்மையில் தெரியாது என்று. 1947இல் அது புத்தகமாக வந்தது. படித்துவிட்டு எங்கெங்கோ இருந்து பிள்ளைகள் எழுதிய கடிதங்களுக்கு, 1980இல் இறக்கும்வரை அவர் பதில் எழுதிக்கொண்டே இருந்தார்.

தீர்ப்பை எந்தப் பக்கம் சொன்னாலும் சரி ஐயா. நன்றி, வணக்கம்.